கடல் கடந்து படித்த கட்டுரை

நம் கல்விச் சங்கத்தின் செயற்குழு கூடிய ஒரு மாலையில், இராஜாக்கமங்கலத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவரின் விண்ணப்பம் நம்முன் வைக்கப்பட்டது. கதம்பை அழுக்கித் தும்பெடுத்துக் கயிறு திரிக்கும் பெண்களின் கூலி வரலாற்றைப் பற்றி அவர் ஆராய்ந்து வருகிறார். அவருடைய தாயாரும் அத்தொழில் செய்தவரே. அவ்வாய்வின் ஒரு பகுதியை இலண்டன் மாநகரில் நடைபெறும் ஒரு கருத்தரங்கில் படிக்க அவருக்கு அழைப்பு வந்திருந்தது. போக வர ஐந்து நாட்கள். கட்டுரை படிப்பதற்கு 20 நிமிடங்கள். பயணச் செலவைக் கருத்தரங்கு நடத்துவோர் தருவார்கள். ஆனால் முதலில் நாமே போட்டுச் சென்று, சீட்டுகளைக் காட்டிப் பின்னர் பெற்றுக்கொள்ள வேண்டும். இது அயல்நாட்டுக் கருத்தரங்குகள் பலவற்றிலும் உள்ள முறை. கையில் பணமுள்ளவருக்கு இது சிறு தொல்லை. கயிற்றுக் கூலியில் வாழும் வீட்டுக்கு இது பெருஞ்சுவர். விசா கேட்கும் இடத்திலோ வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார்கள். அன்றாடம் ஈட்டி அன்றாடம் உண்ணும் குடும்பத்தின் வங்கிக் கணக்கு என்ன சொல்லும்?

குழுவில் மூத்தவரான ஒரு பெரியவர் அம்மாணவியை நோக்கி, "மக்களே, அஞ்சு நாளைக்கா இவ்வளவு ரூவா? எழுதினதைத் தபால்ல அனுப்பினா அவங்க படிச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். கேள்வியில் குத்தல் இல்லை. சங்கத்தின் பணம் நம் மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அதைக் காப்பது அவர் கடமை. மாணவி, "பாட்டா, அங்க நின்னு நான் பதில் சொல்லணும்" என்றார். அன்று முடிவு எடுக்கப்படவில்லை. அவ்வினாவை மனத்தில் கொண்டே இம்மலருக்கு இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். ஏனெனில் நம் மக்களிடையே பிறந்த ஒருவர் கடல் கடந்து சென்று அறிஞர் அவையில் தம் ஆய்வைப் படித்த வரலாறு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. அவ்வரலாற்றின் நாயகருடைய படம் நம் சங்க அறையிலேயே தொங்குகிறது. அவர் அரசியல் சட்டம் வரைந்ததை நம் இளைஞர் அனைவரும் அறிவர். 1916ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் அவர் செய்ததை அறிந்தவர் சிலரே.

அந்நாளில் நம் நாடு எவ்வாறு இருந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இராஜாக்கமங்கலம் அப்போது திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை கன்னியாகுமரி மாவட்டம் என ஒன்று இல்லை. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றதும், அதனைப் பொறாத மேற்சாதியார் அப்பள்ளியையே தீயிட்டதும் அக்காலத்தே நடந்தவை. நமக்கு அணித்தேயுள்ள சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கு 1926இலும் 1930இலும் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12ஆம் நாள்தான் வந்தது. ஒரு சிறுமி பள்ளிப் பலகையில் அமர்ந்தால் கூரை எரியும் காலத்தில், மராட்டிய மகார் குலத்து இளைஞர் ஒருவர் நியூயார்க் நகரில் பேராசிரியர்கள்முன் நின்று சாதியின் தோற்றத்தை விளக்கினார்.

அவர் அங்குச் சென்ற வழி எளிதானதன்று. பீமராவ் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மௌ என்னும் படைநகரில் பிறந்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தை இராம்ஜி சக்பால் காலமானார். அவ்வாண்டே பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு அமெரிக்காவில் பயில மூன்றாண்டு உதவித்தொகை அளித்தார். மாதம் பதினொன்றரை பவுன். அதற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆக, அவர் கப்பலேறும்போதே கடிகாரமும் ஓடத் தொடங்கிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் எவ்வளவு அள்ளலாமோ அவ்வளவு அள்ளிக்கொண்டு வரவேண்டும்.

1913 ஜூலையில் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சேர்ந்த அவர் பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்களும், வரலாற்றில் 11 பாடங்களும், மானிடவியலில் 4 பாடங்களும் பயின்றார் என்பர். சமூகவியல், தத்துவம், அரசியல் ஆகியனவும் உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளும் கற்றார். ஒரு பட்டத்துக்கு இத்தனை பாடங்கள் வேண்டியதில்லை. காலம் குறுகியது என்று அறிந்தவரின் பசி அது. முதலில் தங்கிய விடுதியின் உணவு ஒவ்வாமல் இடம் மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் விடுதியில் நேவல் பதேனா என்னும் பார்சி மாணவருடன் அறையைப் பகிர்ந்துகொண்டார். அந்நட்பு பின்னாளில் அவரைக் காப்பாற்றியது. அதனைப் பின்னர்க் கூறுவோம். 1915இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றிய ஆய்வுரையை அளித்து எம்.ஏ. பட்டம் பெற்றார்.

1916 மே 9ஆம் நாள் டாக்டர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் ஆய்வரங்கில் அவர் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி என்பது அதன் பொருள். அப்போது அவருக்கு வயது 25.

இதன் அருமையை உணர வேண்டுமானால், அதற்குமுன் நம் மக்களைப் பற்றி எழுதியவர்கள் யாவர் என்று கேட்க வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலை 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளப்பது அவர்கால ஆய்வுமுறை. மூக்கின் அளவைக் கொண்டே சாதியின் உயர்வு தாழ்வை விளக்க முயன்றவர் ரிஸ்லி என்னும் அதிகாரி. அந்நூல்களிற் பயனுள்ள செய்திகள் இல்லையென்று நாம் கூறவில்லை. இன்றும் அவற்றைப் புரட்டியே பலரும் எழுதுகின்றனர். ஆனால் அங்கே நம் மக்கள் அளக்கப்பட்டவர்கள், அளந்தவர்கள் அல்லர். எழுதப்பட்டவர்கள், எழுதியவர்கள் அல்லர். 1916 மே 9ஆம் நாள் அளக்கப்பட்ட கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, உங்கள் அளவுகோல் தவறு என்று சான்றோடு சொன்னார். ரிஸ்லியையும், செனார், நெஸ்பீல்டு ஆகியோரையும், நம் நாட்டவரான கேட்கரையும் ஒவ்வொருவராக எடுத்து ஆராய்ந்து, அவரவர் எங்கே தவறினர், எங்கே ஒரு பகுதியை மட்டும் கண்டனர் என்று காட்டினார். கேட்கரிடம் நல்லதைக் கண்டவிடத்து அதனை ஒப்புக்கொள்ளவும் அவர் தவறவில்லை.

அவர் சொன்ன கருத்து யாது? அதனை நம் இளைஞர் சற்றுப் பொறுமையோடு அறிதல் வேண்டும். சாதியின் உயிர்நாடி அகமணமே என்பது அவர் முடிவு. தீட்டு, தொழில், உண்ணும் பந்தி முதலியன சாதியோடு ஒட்டியவை. ஆயினும் ஒரு கூட்டம் தன் பெண்ணையும் பிள்ளையையும் தனக்குள்ளேயே மணமுடிப்பது என்று கதவை அடைக்கும் அந்த நொடியிற்றான் அது சாதியாகிறது.

கதவை அடைத்தபின் ஒரு சிக்கல் எழுகிறது. கூட்டத்துக்குள் மணப்பருவத்து ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். ஆனால் இறப்பு கணக்குப் பார்த்து வருவதில்லை. கணவன் இறந்தால் மனைவி மிகுந்து நிற்கிறாள். அவள் கூட்டத்துக்கு வெளியே மணந்தால் கதவு உடையும். உள்ளே மணந்தால் ஒரு கன்னிப்பெண்ணுக்குரிய ஆணை எடுத்துக்கொள்வாள். எனவே அவளைக் கணவனோடு எரிப்பது ஒரு வழி. எரிக்காவிட்டால் வாழ்நாள் முழுதும் கைம்பெண்ணாக வைப்பது மற்றொரு வழி. மனைவி இறந்தாலோ கணவன் மிகுந்து நிற்கிறான். ஆனால் அவன் ஆண். அவனை எரிக்க எவரும் துணியார். துறவியாக்கினால் கூட்டத்துக்கு ஆள் குறையும். ஆகவே இன்னும் மணப்பருவம் எய்தாத சிறுமிகளிலிருந்து ஒருத்தியை அவனுக்குக் கொடுக்கிறார்கள். உடன்கட்டை ஏறுதல், கைம்மை நோன்பு, குழந்தை மணம் ஆகிய மூன்றும் இவ்வாறு அகமணக் கதவைக் காக்க எழுந்த பூட்டுகள். அவற்றைப் புனிதமென்று போற்றிய புகழுரைகளெல்லாம் பின்னர் வந்தவை என்கிறார் அவர்.

கதவை முதலில் அடைத்தவர் யாவர்? பார்ப்பனர் வகுப்பார் என்பது அவர் விடை. ஆனால் மனு என்ற ஒருவரே சாதியைச் செய்து மற்றவர் தலையில் சுமத்தினார் என்பதை அவர் ஏற்கவில்லை. முன்னரே இருந்த சாதியை மனு முறைப்படுத்தி விதியாக்கினார், அவ்வளவே. மேலிருப்பவரைப் பார்த்து அடுத்திருப்பவர் போலச் செய்தனர். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். சிலர் கதவைத் தாமே அடைத்தனர். சிலர் தம்முன் கதவு அடைபட்டிருக்கக் கண்டனர். மேலிடத்துக்கு அணித்தாக இருந்தவர் அந்த மூன்று வழக்கங்களையும் இறுகப் பற்றினர். தொலைவிலிருந்தவர் சிலவற்றையே கொண்டனர்.

இவ்விடத்தில் நம் நாட்டை எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் மருமக்கள் வழியினர். 1926ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மாற்றியது. உழைக்கும் மக்கள் பலரிடத்தோ கைம்பெண் மீண்டும் மணக்கும் அறுத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. கதவு ஒன்றே, பூட்டுகள் வேறுவேறு. அம்பேத்கரின் கொள்கையை நாஞ்சில் நாட்டு மண்ணில் வைத்து ஆராய்ந்தால் எங்கே பொருந்தும், எங்கே திருத்தம் வேண்டும் என்பது ஒரு நல்ல ஆய்வுப் பொருள். நம் மாணவருள் ஒருவர் அதனைச் செய்தால் நன்று.

அக்கட்டுரையில் குறையே இல்லை என்று நாம் கூற மாட்டோம். தீண்டாமையைப் பற்றி அது ஏறத்தாழ ஒன்றும் பேசவில்லை. அதற்கான விடையை அவர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய நூலிற்றான் தேடினார். தம்மைப் பற்றியும் அக்கட்டுரையில் ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. பள்ளியில் கோணி விரித்துத் தனியே அமர்ந்தவர், குடிநீருக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நின்றவர், அன்று அவையில் இரக்கம் கேட்கவில்லை. தம் கருத்து தவறெனக் காட்டினால் அதனைக் கைவிடவும் ஆயத்தமாக இருப்பதாகச் சொல்லியே உரையை முடித்தார். அழுதிருந்தால் அவை இரங்கியிருக்கும். அவர் வாதிட்டார், ஆகவே அவை விடை சொல்ல வேண்டியதாயிற்று. கட்டுரை 1917 மே மாதத்து இந்தியன் ஆன்டிக்குவரி இதழில் அச்சேறியது. 1936இல் சாதி ஒழிப்பு என்னும் நூலை எழுதியபின், பழைய கட்டுரையையும் அதனோடு இணைத்து ஒரு நூலாக்க எண்ணியிருந்தார். பிற பணிகள் இடந்தரவில்லை.

மே 9க்குப் பிறகும் அவருக்கு ஓய்வில்லை. அடுத்த மாதத்திலேயே இந்தியாவின் தேசிய வருவாய் பற்றிய ஆய்வேட்டை முடித்தார். உதவித்தொகையின் மூன்றாண்டுகளும் அம்மாதத்தோடு முடிந்தன. ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இலண்டன் சேர்ந்தார். பேராசிரியர் செலிக்மன் அவருக்காக சிட்னி வெப்புக்கு எழுதிய அறிமுகக் கடிதம் கையில் இருந்தது. அக்டோபரில் இலண்டன் பொருளியற் பள்ளியிலும், பின்னர்ச் சட்டம் பயிலக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஓராண்டு நிறைவதற்குள் பணம் நின்றது. நான்காண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பெற்றுக்கொண்டு 1917இல் ஊர் திரும்பினார். தம் சாமான்களையும் நூல்களையும் வேறொரு கப்பலில் அனுப்பியிருந்தார். சால்செட் என்ற அக்கப்பலை அவ்வாண்டு ஜூலையில் ஜெர்மானியர் நீர்மூழ்கிக் கப்பலால் தகர்த்தனர். மாதம் பதினொன்றரை பவுனில் வயிற்றைச் சுருக்கி வாங்கிய நூல்கள் பல கடலடியில் கிடக்கின்றன. நூல் இழந்தவருக்கு இழப்பீடாகக் கிடைத்த தொகைதான் பரோடா சென்று பணியில் சேரச் செலவுக்கு உதவியது என்பர்.

பரோடாவில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். தங்க இடம் கிடையாது. பார்சியர் விடுதியொன்றில் வேற்றுப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. பொதுத் தோட்டமொன்றில் மாலை முழுதும் அமர்ந்திருந்து இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவின் ஆய்வரங்கில் பேராசிரியரோடு சரிசமமாக அமர்ந்து பதினாறு மாதங்களே கழிந்திருந்தன. இதற்கு நாம் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

1918 முதல் 1920 வரை பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பணி. ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். கொலம்பியா விடுதியின் அறைத்தோழர் நேவல் பதேனா ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். 1920 ஜூலையில் மீண்டும் இலண்டன் பயணம். பகலெல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். இரவில் பசிக்கு நண்பர் கொடுத்த அப்பளம். இல்லத்திலே இரமாபாய் அம்மையார் சுமந்த வறுமையை எந்தப் பல்கலைக்கழக ஏடும் பதியவில்லை. அப்பட்டங்களில் அவர் பங்கும் உண்டு.

1921இல் எம்.எஸ்ஸி. பட்டம். 1922இல் சட்டம் நிறைவு. இடையே ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்துகொண்டு சிறிது காலம் தங்கினார். அதற்குள் ரூபாயின் சிக்கல் என்னும் ஆய்வேட்டை இலண்டனில் அளித்தார். இலண்டனில் மாணவர் மன்றமொன்றில் பொறுப்பாட்சியின் கடமைகள் பற்றி அவர் படித்த ஒரு கட்டுரையைக் கேட்டு, அதன் கருத்துகள் புரட்சித் தன்மையன என்று லாஸ்கி குறிப்பிட்டதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். மாணவர் கட்டுரைதானே என்று அவை அதைத் தள்ளிவிடவில்லை.

ரூபாய் பற்றிய ஆய்வேட்டுக்கும் சோதனை வந்தது. ஆங்கில ஆட்சியின் நாணயக் கொள்கையை அவர் தாக்கியது தேர்வாளருக்குக் கடுமையாகப் பட்டது. 1923 மார்ச்சில், மாற்றி எழுதித் தருமாறு கூறினர். கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. ஏப்ரலில் பம்பாய் திரும்பி, முடிவுகளை மாற்றாமல் நடையை மட்டும் மாற்றி எழுதி, அஞ்சலில் அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் டி.எஸ்ஸி. பட்டம் வந்தது, நூலும் வெளியாயிற்று. எனவே, தபாலில் அனுப்பினால் ஆகாதா என்று கேட்ட நம் பெரியவரின் பக்கமும் வரலாற்றில் ஒரு சான்று உண்டு என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த அஞ்சலைப் பிரித்துப் படித்தவர்கள் அவரை அறிந்தவர்கள். நேரில் நின்று வாதிட்டு ஈட்டிய அறிமுகம் அது. அவருடைய பேராசிரியர் எட்வின் கானன் அந்நூலுக்கு முன்னுரை எழுதினார். கருத்துகள் பலவற்றோடு தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதிய முன்னுரை. செலிக்மன் மற்றொரு நூலுக்கு முன்னுரை தந்தார். 1925இல் மாகாண நிதி பற்றி வெளிவந்த அந்நூல், 1916இல் கொலம்பியாவில் முடித்த ஆய்வேட்டின் விரிவு. அந்நூல் அச்சேறிய பின்னரே, 1927இல், பி.எச்டி. பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. ஆய்வேட்டை எழுதி முடித்துப் பதினோராண்டு கழித்துப் பட்டம்! 1925 டிசம்பரில் நாணய ஆணையம் நம் நாட்டுக்கு வந்தபோது, அதன்முன் சாட்சியம் அளிக்க அவர் அழைக்கப்பட்டார். அன்னிய நாட்டில் ஒரு மாணவர் எழுதியது இந்நாட்டின் ரூபாய்க்கு வழி சொல்ல வந்தது.

நம் பழைய திருவிதாங்கூரிலிருந்தும் ஒருவரை இங்கே நினைவுகூரலாம். உழவூர் கிராமத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன், 1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்று, டாடா உதவித்தொகையோடு 1945இல் அதே இலண்டன் பொருளியற் பள்ளிக்குச் சென்றார். 1948இல் லாஸ்கி நேருவுக்கு எழுதிய கடிதத்தோடு திரும்பினார். 1997இல் குடியரசுத் தலைவரானார். இங்கும் ஒரு கடிதத்தைப் பார்க்கிறோம். ஆசிரியர் ஒருவர் தம் மாணவரை நேரில் அறிந்து எழுதும் கடிதம் தபாலில் போகலாம். அந்த அறிமுகம் தபாலில் வாராது.

தாம் பெற்ற வாய்ப்பு தற்செயலாகக் கிடைத்தது என்பதை அம்பேத்கர் மறக்கவில்லை. மன்னர் ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பி ஒரு சமுதாயம் படிக்க முடியாது. அரசின் நிதியில் அதற்கு உரிமை வேண்டும். 1942இல் வைசிராய்க்கு அளித்த நீண்ட விண்ணப்பத்தில், தாழ்த்தப்பட்டோரின் உயர்கல்விக்குப் பணம் ஒதுக்குமாறு கேட்டார். 1944இல் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை தொடங்கியது. இன்றும் நம் பிள்ளைகள் பெறும் உதவித்தொகையின் வேர் அதுவே. வெளிநாட்டில் பயிலுவதற்கான தேசிய உதவித்தொகை 1954இல் ஏற்பட்டது.

அந்தத் தேசிய உதவித்தொகைக்கு 2022ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட விதிகளை நம் இளைஞர் ஊன்றிப் படிக்க வேண்டும். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அவ்வுதவி இல்லையென அவ்விதிகள் கூறின. இவற்றை ஆராய நம் நாட்டிலேயே போதிய வசதி உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பொறியியலும் மருத்துவமும் நம்மவர் கற்க வேண்டும். அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அவ்விதியை 1916க்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரை அதற்குள் அடங்குமா? பரோடா மன்னர் கேட்காத ஒரு நிபந்தனையை நம் சொந்த அரசு கேட்டது. கயிறு திரிக்கும் பெண்களின் கூலியை ஆராயும் நம் மாணவி பட்டப்படிப்புக்காக வெளிநாடு செல்ல விரும்பினால், அவ்வாய்வுக்கும் அவ்விதிகளின்கீழ் இடமில்லை. சாதியும் கூலியும் இந்தியாவின் வீட்டுச் செய்தி, வெளியே பேச வேண்டா என்று சொல்பவர் பலர். அந்த வீட்டில் திண்ணைக்குக் கூட நம்மை ஏற்றாதவர்களும் அவர்களுள் உண்டு.

பாபாசாகேப்பின் கடைசிக் கொலம்பியாப் பயணத்தைச் சொல்லாமல் விடலாகாது. 1952 ஜூன் மாதம், அப்பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பிக்க அழைத்தது. உடல் நலிந்திருந்தது, அமைச்சர் பதவியைத் துறந்து ஓராண்டும் ஆகவில்லை, பொதுத்தேர்தலில் தோல்வி. ஜூன் தொடக்கத்தில் விமானம் ஏறினார். 5ஆம் நாள் பட்டமளிப்பு விழா. மாதத்தின் நடுவில் பம்பாய் திரும்பிவிட்டார். 1913இல் மூன்றாண்டு எல்லையோடு கப்பலில் போன மாணவர், 1952இல் இரண்டு வாரத்தில் போய் வந்தார்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குச் சென்றோம். முழுவதையும் படிக்க வேண்டி வரவில்லை. நம் பெரியவரே முன்னதாக வந்து, மாணவியின் தாயாரிடம் பேசிவிட்டதாகக் கூறினார். சங்க நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாகப் பயணத்தொகை தருவதென்றும், கருத்தரங்கு நடத்துவோரிடமிருந்து பணம் வந்ததும் திருப்பிச் செலுத்துவதென்றும் தீர்மானம் எழுதப்பட்டது. வங்கிக் கணக்கில் இருப்புக் காட்ட மூன்று உறுப்பினர்கள் தம் சேமிப்பைச் சில வாரங்களுக்கு வைப்பதாக முன்வந்தனர். அவ்வாறு பிறர் பணத்தைத் தற்காலிகமாக வைத்துக் காட்டுவது முறையன்று என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரியே. எனவே சங்கம் பொறுப்பேற்கும் கடிதம் ஒன்றைத் தருவதென மாற்றினோம்.

பெரியவர் ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னார். இலண்டனில் படிக்கும் கட்டுரையைத் திரும்பி வந்ததும் நம் சங்க அறையில் தமிழில் படிக்க வேண்டும். கயிறு திரிக்கும் பெண்களை முன்வரிசையில் அமர்த்த வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் நின்று பதில் சொல்ல வேண்டும். அதுவும் தீர்மானத்தில் எழுதப்பட்டுள்ளது.